ஃப்ரைட் ரைஸ், பிஸ்கட், கஞ்சி: மூன்று பள்ளிக் காதல் அனிமேக்களின் முதல் எபிசோடு

லைட் நாவலிலிருந்து (இளைஞர்களுக்கான ஜப்பானியக் குறுநாவல் வகை) எடுக்கப்பட்ட ஒரு பள்ளிக் காதல் அனிமேயை, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடரைத், தொடர்ந்து பார்ப்பதா வேண்டாமா என்பதை, முதல் எபிசோடின் இருபத்துச் சொச்சம் நிமிடங்களிலேயே நம்மில் பலர் முடிவு செய்துவிடுகிறோம். 2008 அக்டோபரில் தொடங்கிய ‘டோராடோரா’, 2013 ஏப்ரலில் தொடங்கிய ‘ஒரெகைரு’, 2023 ஜனவரியில் தொடங்கிய ‘தி ஏஞ்சல் நெக்ஸ்ட் டோர்’ ஆகிய மூன்றின் முதல் எபிசோடுகளையும் அண்மையில் அடுத்தடுத்துப் பார்த்தபோது, மூன்றிலும் யாரோ ஒருவர் இன்னொருவருக்காகச் சமைப்பது கண்ணில் பட்டது. இது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால், அந்தச் சமையலைக் கொண்டு கதை என்ன செய்கிறது என்பதில்தான் மூன்றும் வேறுபடுகின்றன.

‘டோராடோரா’வின் ரியூஜிக்குத் தந்தையிடமிருந்து வந்தவை முரட்டுக் கண்கள், அவற்றைப் பார்த்து ரவுடி என்று சக மாணவர்கள் ஒதுங்க, அவனோ வீட்டில் ஒரு தூசியைக்கூடப் பொறுக்காத சுத்தக்காரன். அவனுடைய நண்பன் கிதாமுராவுக்கு எழுதிய காதல் கடிதத்தைப் பை மாற்றி இவன் பையில் போட்டுவிட்ட தாய்கா, அதை மீட்பதற்காக இரவில் மரவாளோடு வீடு புகுந்து தாக்குகிறாள். உறைக்குள் கடிதமே இல்லை என்று தெரிந்ததும், பசியும் சேர்ந்துகொள்ள, அப்படியே சரிந்து விழுகிறாள். ரியூஜி அடுப்பைப் பற்றவைத்து ஃப்ரைட் ரைஸ் செய்கிறான். தன் வீட்டு வெயிலை மறைத்து நிற்கும் வசதியான அடுக்குமாடியில் வாழும் பெண் சரியான சாப்பாடு இல்லாமல் இருக்கிறாள் என்பதையும், ஊரே அஞ்சும் பையனின் கை எதற்குப் பழகியது என்பதையும் ஒரு தட்டுச் சோறு சொல்லிவிடுகிறது. இயக்குநர் நாகாய் தட்சுயுகியும் திரைக்கதை எழுதிய ஒகாதா மாரியும் இங்கே வசனத்தை நம்பவில்லை. மூன்றில் என் வாக்கு இதற்குத்தான்.

‘ஒரெகைரு’வின் சிக்கல் வேறு வகையானது. மூல நாவல் முழுக்க ஹாச்சிமானின் தன்மைக் கூற்றில் நடப்பது. அதன் ருசியே அவனுடைய கசப்பான மனக்குரல்தான். இளமை என்பதே பொய் என்று கட்டுரை எழுதி ஆசிரியையிடம் மாட்டிக்கொண்டு, மாணவர்களின் பிரச்சினைகளுக்கு உதவும் சேவை மன்றத்துக்கு இழுத்துச் செல்லப்படும் அவன், திரையில் மூச்சு விடாமல் பேசுகிறான்; சப்டைட்டிலைப் படித்து முடிக்க நான் இரண்டு மூன்று இடங்களில் நிறுத்திப் பார்க்க வேண்டியிருந்தது. பிரெயின்ஸ் பேஸ் ஸ்டுடியோ வரைந்த இந்த முதல் சீசனின் படங்களும் அப்படியொன்றும் கவர்வதாக இல்லை. ஆனால் பிஸ்கட் காட்சி வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒருவருக்குத் தருவதற்காக பிஸ்கட் செய்ய உதவி கேட்டு மன்றத்துக்கு வந்த யுய் சுட்ட தீய்ந்த பிஸ்கட்டையே, தான் செய்தது என்று சொல்லி அவளுக்கும் மன்றத் தலைவி யுகினோவுக்கும் நீட்டுகிறான் ஹாச்சிமான். நன்றாக இல்லை என்று அவர்கள் சொன்ன பிறகே உண்மையை உடைத்து, ஒரு பெண் தனக்காகச் செய்தாள் என்பதே பையன்களுக்குப் போதும், ருசி அடுத்த கதை என்கிறான். உதவியும் செய்துவிட்டு, ஆண்களின் அற்பத்தனத்தையும் ஒரு குத்துக் குத்துகிற அந்தத் தந்திரத்தில் முழு ஹாச்சிமானும் இருக்கிறான்.

‘ஏஞ்சல்’ இவற்றோடு ஒப்பிட்டால் மிகச் சாதுவானது. மழையில் ஊஞ்சலில் நனைந்தபடி உட்கார்ந்திருக்கும் மஹிருவிடம் குடையைக் கொடுத்துவிட்டு அமானே சளி பிடித்துப் படுக்க, பக்கத்து வீட்டுக்காரியான அவள் வந்து கஞ்சி வைத்துக் கொடுக்கிறாள். அடுத்தடுத்த வீடு, பசி, சமையல் என்று ‘டோராடோரா’வின் சரக்கேதான், கரண்டி மட்டும் பெண்ணின் கைக்கு மாறியிருக்கிறது. கஞ்சியிலிருந்து அவள் நல்லவள் என்பதற்கு மேல் எதுவும் தெரிவதில்லை, அதைத்தான் பள்ளியே ‘தேவதை’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறதே. அந்த மழையில் அவள் ஏன் அங்கே இருந்தாள் என்ற கேள்வி ஒன்றே என்னை இரண்டாம் எபிசோடுக்கு அழைத்துச் சென்றது. அலுத்துப்போன ஓர் இரவில் மனத்தை வருத்தாமல் எதையாவது பார்க்க விரும்புவோருக்கு இந்தச் சாதுத்தனமே பிடித்துப்போகவும் கூடும்.

புதிதாகத் தொடங்குபவர் ‘டோராடோரா’வைத் தயங்காமல் எடுக்கலாம், மொத்தம் 25 எபிசோடுகளில் கதை முடிந்துவிடுகிறது. ‘ஒரெகைரு’வுக்குப் பொறுமை வேண்டும், ஆனால் அது வீண்போகாது: 2015இல் ஃபீல் ஸ்டுடியோவின் கைக்கு மாறிய இரண்டாம் சீசனில், இவ்வளவு பேசிய ஹாச்சிமான் சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் திணறுவதையும் பார்க்கலாம்.