ஃபிபிஸ் சங்கத்தில் ஏழு வருடம்: ஒரு பெருக்கல் குறியைத் தேடிப் போன அனுபவம்

சென்ற வாரம் ஃபிபிஸ் சந்தாவைப் புதுப்பித்தேன். இத்தோடு ஏழு வருடம் முடிந்து எட்டாவது தொடங்குகிறது. "உங்க வீட்ல யாரோ ஆங்கிலோ இந்தியன்னு சொன்னீங்களே, அதெல்லாம் எங்க தேடுனீங்க? காசு கட்டணுமா? நாங்களும் சேரலாமா?" என்று இதற்குள் பத்துப் பேராவது கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

ஃபேமிலீஸ் இன் பிரிட்டிஷ் இந்தியா சொசைட்டி என்ற பெயரின் சுருக்கம்தான் ஃபிபிஸ். 1998-ல் இங்கிலாந்தில் தொடங்கிய வம்சாவளி ஆய்வுச் சங்கம். அறக்கட்டளையாகப் பதிவானது, தன்னார்வலர்களால் நடப்பது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலிருந்து 1947 வரையிலும் அதற்குச் சற்றுப் பின்னாலும் இந்தியத் துணைக்கண்டத்தில் வாழ்ந்த பிரிட்டிஷ், ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள்தான் இதன் வட்டம். சிப்பாய், ரயில்வேக்காரர், தந்தி ஆபீஸ்காரர், தோட்டத்துரை, பாதிரியார் எல்லாரும் அதில் வருவார்கள்.

நான் சேர்ந்ததற்குக் காரணம் என் அம்மாவைப் பெற்ற பாட்டி. நாங்கள் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். போத்தனூர் ரயில்வே காலனியில் பிறந்த ஆங்கிலோ இந்தியர். தமிழ்க் கிறிஸ்தவரான ஒரு பள்ளி ஆசிரியரைக் கல்யாணம் செய்துகொண்டு காலனியை விட்டு வந்துவிட்டார். நம் அரசியல் சாசனத்தின் 366(2) பிரிவு, தகப்பன் வழியில் ஐரோப்பியர் இருந்தால்தான் ஆங்கிலோ இந்தியர் என்கிறது. தாய் வழி கணக்கில் இல்லை. அதனால் நானாவோடு அந்த அடையாளம் எங்கள் வீட்டில் நின்றுவிட்டது. அவர் போன பிறகு மிஞ்சியது ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் ஒரு போட்டோ: எஞ்சின் பக்கத்தில் தாடியோடு ஒருவர் நிற்கிறார். பின்பக்கம் பென்சிலில் 'தாத்தா, போத்தனூர்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நானாவின் தாத்தா.

முதலில் காசு விஷயம். சங்கத்தின் தேடல் தளம் எல்லாருக்கும் இலவசம். ஃபிபிவிக்கி என்ற கலைக்களஞ்சியமும் இலவசம். எந்த ரெஜிமெண்ட் எங்கே இருந்தது, எந்த ரயில்வே கம்பெனி எப்போது எதோடு சேர்ந்தது, எந்த ஆவணம் எந்த எண்ணில் கிடைக்கும் என்பதெல்லாம் அதில் உண்டு. நான் முதல் ஆறு மாதம் சந்தா கட்டாமல் இதை வைத்தேதான் தேடினேன். நீங்களும் அப்படியே தொடங்குங்கள்.

தேடும்போது பழைய ஆங்கில எழுத்துக்கூட்டல் தெரிந்திருக்க வேண்டும். திருச்சிராப்பள்ளி என்று போட்டால் ஒன்றும் வராது; ட்ரிச்சினோபொலி என்று போட வேண்டும். தஞ்சாவூர் டாஞ்சூர், நாகப்பட்டினம் நெகபட்டாம், பாளையங்கோட்டை பாளம்கோட்டா. மெட்ராஸ் என்றால் இன்றைய தமிழ்நாடு மட்டும் என்றும் நினைத்துவிடக் கூடாது. மெட்ராஸ் ராணுவம் பெங்களூர், பெல்லாரி, செகந்திராபாத், நாக்பூர் பக்கம் காம்ப்டி என்று பரவிக் கிடந்தது. சென்னைக் குடும்பத்தின் குழந்தைக்கு ஞானஸ்நானம் காம்ப்டியில் நடந்திருக்கும்.

இந்தப் பதிவுகள் லண்டனில் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே தேவாலயங்களில் எழுதிய ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அந்த நகல்கள்தான் இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. அங்கே வங்காளத்துக்கு வரிசை எண் என்/1, மெட்ராஸுக்கு என்/2, பம்பாய்க்கு என்/3. மெட்ராஸ் வரிசை 1698-ல் தொடங்குகிறது. ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தின் மூலப் பதிவேடு அதைவிடப் பழையது. அதில் முதல் திருமணமே 1680 நவம்பரில் நடந்த, பின்னாளில் மெட்ராஸ் கவர்னரான எலிஹு யேலின் திருமணம். நமக்கு லண்டனிலிருந்து கிடைப்பது நகல் என்பதை மறந்துவிடக் கூடாது. குமாஸ்தா தப்பாகப் படித்திருந்தால் அந்தத் தப்பும் கூடவே வரும்.

எஞ்சின் தாத்தாவின் திருமணப் பதிவு மூன்றாவது மாதத்திலேயே கிடைத்தது. 1874, போத்தனூர், தொழில் எஞ்சின் டிரைவர். மணமகன், மணமகள் இருவருக்கும் தகப்பன் பெயருக்குக் கட்டம் இருந்தது. தாய் பெயருக்குக் கட்டமே இல்லை. இது அந்தப் பாதிரியாரின் குறை அல்ல, அச்சடித்த படிவமே அப்படித்தான். தகப்பன் பெயரை வைத்துப் பின்னால் போனால், அவர் பரங்கிமலையில் மெட்ராஸ் பீரங்கிப்படையில் கன்னர், அதாவது பீரங்கி இயக்கும் சிப்பாய். மகன் எழும்பூர் ஆண்கள் அநாதை விடுதியில் வளர்ந்தவர். ஆண்ட்ரூ பெல் 1789-ல் பொறுப்பேற்று, நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து அதைப் புகுத்தி, பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் செய்து, பிறகு மெட்ராஸ் முறை என்று இங்கிலாந்துக்குக் கொண்டு போனாரே, அதே விடுதி. தகப்பன் செத்தாலோ படை வேறிடம் போனாலோ சிப்பாய்களின் பிள்ளைகள் அங்கே சேர்க்கப்பட்டார்கள். பெரும்பாலானவர்களின் தாய்மார்கள் இந்த ஊர்ப் பெண்கள்.

அந்தத் தாய் யார்? இந்தக் கேள்விக்காகத்தான் சந்தா கட்டினேன்.

கன்னரின் திருமணம் 1843. பக்கத்தின் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். மணமகன் பெயர் முழுதாக இருந்தது, பதவி இருந்தது. மணமகள் இருக்க வேண்டிய இடத்தில் 'மரியா, நேட்டிவ் கிறிஸ்டியன்' (இந்த நாட்டுக் கிறிஸ்தவர்) என்று இரண்டே விஷயம். குடும்பப் பெயர் இல்லை, ஊர் இல்லை. கையெழுத்துக்கு ஒரு பெருக்கல் குறி, அதன் இரு பக்கமும் 'அவளுடைய அடையாளம்' என்று குமாஸ்தாவின் எழுத்து. அது மூலத்தில் அவள் போட்ட கோடுகூட இல்லை, அதையும் பார்த்து இன்னொருவர் போட்ட நகல். அன்று இரவு வெகுநேரம் அந்தக் குறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறந்தபோது வைத்த பெயர் ஞானஸ்நானத்தில் போய்விட்டது, மரியா என்ற பெயர் மட்டும் நின்றது. 1687-ல் கம்பெனி இயக்குநர்கள் ஜார்ஜ் கோட்டைக்கு எழுதிய கடிதத்தில், சிப்பாய்கள் உள்ளூர்ப் பெண்களை மணப்பதை ஊக்குவிக்க, குழந்தைக்கு ஞானஸ்நானம் நடக்கும் நாளில் தாய்க்கு ஒரு வராகன் (அந்தக் காலத் தங்கக் காசு) தரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படிக் கணக்கில் வந்த தாய்மார்களின் பெயர் பதிவேட்டில் இவ்வளவு மெலிதாக இருப்பது எனக்கு இன்றும் தாங்கவில்லை.

உறுப்பினருக்கு என்ன கிடைக்கும் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னால், வருடத்துக்கு இரண்டு இதழ், பழைய இதழ்கள் அத்தனையையும் படிக்கும் வசதி, இணையவழி உரைகள், கேட்டால் வழிகாட்ட ஆட்கள். உரைகள் இங்கிலாந்து நேரப்படி மதியம் வைத்தால் நமக்கு மாலை விளக்கேற்றும் நேரம். சனிக்கிழமையாக இருந்தால் வசதிதான். இதழில் பரம்பரைப் பெருமை பேசும் கட்டுரைகளும் வரும். அவற்றைத் தாண்டிவிடுவேன். ஆனால் ஒரு ரெஜிமெண்டின் நடமாட்டத்தை, ஒரு மலைக் கல்லறையை, ஒரு ரயில்வே குவார்ட்டர்ஸ் வாழ்க்கையைப் பொறுமையாக எழுதும் கட்டுரைகள் இருக்கின்றனவே, அவை எனக்குப் பாடப்புத்தகம் போல.

எனக்குச் சந்தாவின் முழு மதிப்பும் ஒரே கடிதத்தில் வந்துவிட்டது. மரியாவைப் பற்றிக் கேட்டு எழுதியிருந்தேன். கணவர் 1854-ல் இறந்திருக்கிறார் என்பது வரை அதில் சொல்லியிருந்தேன். ஒரு தன்னார்வலர் பதில் போட்டார்: அவரது அடக்கத்துக்குப் பிந்தைய ஒரு வருடத்தில், அதே ஊரில், 'விதவை' என்று குறித்த எல்லாத் திருமணங்களையும் பாருங்கள். சிப்பாய் செத்தால் மனைவிக்கு ரேஷன் நின்றுவிடும், குவார்ட்டர்ஸ் போய்விடும். பிள்ளையோடு இருக்கும் பெண்ணுக்கு அதே படையில் இன்னொருவரை மணப்பதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இருந்ததில்லை. இரண்டாவது விஷயம், 1850-களின் படிவத்தில் தகப்பன் பெயருக்குக் கட்டம் வந்துவிட்டது.

எனக்கு இது தோன்றவே இல்லை. நான் மறுமணம் என்ற கோணத்திலேயே யோசிக்கவில்லை.

பார்த்தேன். 1855 பிப்ரவரி, அதே பரங்கிமலை. மரியா, விதவை, முதல் கணவரின் குடும்பப் பெயரோடு. தகப்பன் பெயர்க் கட்டத்தில் ஒரு கிறுக்கல். ஒரு கட்டணத் தளத்தின் அட்டவணையில் அதை 'மார்ட்டன்' என்று ஏற்றியிருந்தார்கள். நான் படத்தைப் பார்த்தேன்: எம், இரண்டு ஓ, இரண்டு டி போல ஒன்று, மறுபடி இரண்டு ஓ. மூட்டூ. அந்தக் காலத்து ஆங்கிலேயர் முத்து என்ற பெயரை எழுதுவது இப்படித்தான்; முத்துசாமியையும் மூட்டூசாமி என்றுதான் எழுதுவார்கள். ஒரு ஆங்கிலேயர் அதை மார்ட்டன் என்று படிப்பது இயல்பு. தமிழ் தெரிந்தவருக்கு அது முத்துவைத் தவிர வேறில்லை.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "முத்துவா? நம்ம முத்துவா?" என்றார். "ஆமாம்மா, முத்துதான்." கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பொண்ணு பேரு?" என்று கேட்டார். மரியா என்பதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

இந்த இடத்தில்தான் தமிழர்கள் இப்படிப்பட்ட சங்கங்களில் இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. மூன்றாம் வருடத்திலிருந்து நானும் படியெடுக்கும் வேலை செய்கிறேன். ஊர்க்காரர்களின் பெயர், முகவரி அச்சடித்த பழைய டைரக்டரிப் பக்கங்களின் படத்தை அனுப்புவார்கள். பெயர், தொழில், முகவரி என்று கட்டம் கட்டமாகத் தட்டச்சு செய்து திருப்பி அனுப்ப வேண்டும். ஒரு பக்கத்துக்கு முதலில் இரண்டு மணி நேரம் ஆனது, இப்போது நாற்பது நிமிடம். ஆங்கிலத்தில் சிதைந்து கிடக்கும் லட்சுமியையும் வீரம்மாவையும் வேப்பேரித் தெருப் பெயர்களையும் நம்மால்தான் சரியாகப் படிக்க முடியும். இந்தியாவிலேயே இருப்பதால் இன்னொரு வேலையும் செய்யலாம்: கல்லறைப் படம். ஆஸ்திரேலியாவில் இருக்கும் ஓர் அம்மையாருக்காக ஜோலார்பேட்டைப் பக்கம் ஒரு கல்லறைத் தோட்டத்தில் முள்ளை வெட்டி ஒரு கல்லைத் துடைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். கல்லை ஈரத்துணியால் மட்டும் துடையுங்கள், கம்பி பிரஷ், ஆசிட் எதுவும் கூடாது. எழுத்து தெரியாவிட்டால் காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுங்கள். கல்லறைகளுக்கென்றே 1976-ல் தொடங்கிய பாக்ஸா என்ற தனிச் சங்கமும் இருக்கிறது. கல்லறை வழியாகத் தேடுபவர்கள் அதையும் பார்க்கலாம்.

எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளச் சில விஷயங்கள். லண்டனுக்குப் போன நகல்களில் ஆங்கிலிக்கன் பதிவுகள்தான் அதிகம். கத்தோலிக்கப் பதிவுகள் குறைவு. கத்தோலிக்கக் குடும்பம் என்றால் அந்தந்தப் பங்குத் தேவாலயத்துக்கே நேரில் போக வேண்டியிருக்கும். நான் வேறொரு கிளைக்காக ஒரு பங்கு அலுவலகத்துக்கு நான்கு முறை போனேன். நான்காவது முறை பதிவேட்டை எடுத்தபோது எனக்கு வேண்டிய வருடங்கள் கரையான் அரித்துத் தூளாகக் கொட்டின. தமிழ்க் கிறிஸ்தவர்களின் பதிவுகள் பொதுவாக லண்டனுக்குப் போனதே இல்லை, எனவே முழுக்கத் தமிழ்க் குடும்பத்தின் வேரைத் தேடுபவர்களுக்கு இந்தச் சங்கம் உதவாது. ரயில்வே ஆவணங்களில் லண்டனில் அமர்த்தப்பட்டவர்களின் ஒப்பந்தங்கள் நன்றாக இருக்கின்றன. எங்கள் எஞ்சின் தாத்தா போல் இங்கேயே சேர்ந்தவர்கள் குறைவாகவே தென்படுகிறார்கள். பதிவுகளின் படங்களைப் பார்க்கப் பல நேரம் வணிகத் தளங்களுக்குத் தனியாகச் சந்தா கட்ட வேண்டும். நான் ஒரு மாதச் சந்தா எடுத்து, பார்க்க வேண்டியதையெல்லாம் முன்பே பட்டியல் போட்டு வைத்து, அந்த ஒரு மாதத்தில் முடித்துவிடுவேன். ஃபிபிஸ் சந்தா பவுண்டில் கட்ட வேண்டும். வங்கி தன் பங்குக்கு ஒரு கட்டணம் எடுக்கும்.

யார் சேரலாம்? வீட்டில் ஒரு பெயர், ஒரு ஊர், ஒரு தொழில் இந்த மூன்றில் இரண்டு தெரிந்து, இலவசத் தேடலில் ஒரு பதிவாவது கிடைத்தவர்கள் தயங்காமல் சேருங்கள். வெறும் 'எங்க தாத்தாவுக்கு நீலக் கண்' என்பதோடு வருபவர்கள் முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள், பைபிளின் முதல் பக்கத்தையும் பழைய பள்ளிச் சான்றிதழையும் தேடி எடுங்கள். அவசரமாக வெளிநாட்டு விசாவுக்கு ஆவணம் வேண்டும் என்பவர்களுக்கு இது ஒத்துவராது. ஒரு பதிலுக்கு வாரக்கணக்கில் காத்திருக்கத் தயாராக இருக்க வேண்டும். எதிர்முனையில் இருப்பவரும் நம்மைப் போல் வேலை முடித்து வந்து, தன் நேரத்தில் நமக்காகப் பக்கம் புரட்டுபவர்தான்.

எட்டாவது வருடச் சந்தா மரியாவின் அடக்கப் பதிவுக்காக. இரண்டாவது கணவரும் பீரங்கிப்படைதான். திருமணத்துக்கு இரண்டு வருடம் கழித்து அவரது பிரிவு பரங்கிமலையை விட்டுக் கிளம்பியிருக்கிறது. பெல்லாரியை முடித்துவிட்டேன், அங்கே இல்லை. இப்போது காம்ப்டியில் 1858-ஐப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டு திருமணப் பக்கங்களையும் அச்செடுத்து நானாவின் பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறேன். இரண்டாவதன் ஓரத்தில், மூட்டூவுக்குப் பக்கத்தில், அம்மா தன் கையால் 'முத்து' என்று தமிழில் எழுதினார்.