சித்தி போட்ட டைம்டேபிள்: மாசி வீதிகளுக்குள் பத்து நாள்

முதல் நாளே சொதப்பல். பன்னிரண்டு மணி வெயிலில் மகனை இழுத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயில் வாசலுக்குப் போய், செருப்பை ஒரு இடத்தில் கொடுத்து, செல்போனை இன்னொரு இடத்தில் கொடுத்து டோக்கன் வாங்கி நிமிர்ந்தால் நடை சாத்தும் நேரம். மதியம் பன்னிரண்டரைக்குச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது மறந்துபோனதை வீட்டில் சொன்னபோது சித்தி சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "சிங்கப்பூர்ல சாமிக்கு லஞ்ச் பிரேக் கிடையாதா?" என்றார்.

மூன்று வருடம் கழித்து, டிசம்பர் பள்ளி விடுமுறையில் போயிருந்தோம். சிங்கப்பூரிலிருந்து மதுரைக்கு நேரடி விமானம் இருப்பதால் பயணம் நாலு மணி நேரச் சமாச்சாரம்தான். சித்தி வீடு தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்து. கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி, வெளி என்று வீதிகள் ஒன்றுக்கு வெளியே ஒன்றாகப் போவதால், கோபுரம் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டால் போதும், வழி தொலையாது. மகன் இரண்டே நாளில் பிடித்துக்கொண்டான்.

அந்தச் சிரிப்புக்கு அப்புறம் சித்தியே ஒரு டைம்டேபிள் போட்டுக் கொடுத்தார். நான் சிங்கப்பூரிலேயே மேப்பில் நட்சத்திரம் பார்த்துக் கடை கடையாகக் குறித்து வைத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் சரிம்மா, எத்தன மணிக்குப் போறதுன்னு எழுதலையே" என்றார். அவர் போட்ட மணிக்கணக்கின்படிதான் மிச்ச நாள் ஓடியது.

காலை ஏழுக்குள் இட்லி. மேல மாசி வீதியில் முருகன் இட்லிக் கடை. இதற்குச் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவிலும் கிளை இருப்பதால் மகனுக்கு இது ஊர்ச் சாப்பாடாகவே தெரியவில்லை, "நம்ம கடைதானே" என்று உட்கார்ந்து பொடி இட்லி ஆறை உள்ளே தள்ளினான். சாப்பிட்டு முடித்து அதே வீதியில் நடந்தால் கதர்க் கடை வருகிறது. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேல்சட்டையை விட்டுவிட்டு நாலு முழ வேட்டிக்கு மாறியது, இப்போது கடையாக இருக்கும் இந்த வீட்டில் தங்கியிருந்தபோதுதான். மகனிடம் சொன்னேன். "வெயிலுக்கா?" என்று கேட்டான். அந்தக் காலை வெயிலில் நின்றுகொண்டு அவனைக் குறை சொல்ல முடியவில்லை.

பதினோரு மணிக்குக் கடைத்தெரு. கூட்டம் சேருவதற்கு முன்னால் போனால்தான் கடைக்காரர் வாய் திறந்து பேசுவார் என்பது சித்தியின் கணக்கு, அது முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் சுங்குடிப் புடவைக் கடையில் நிஜமானது. சௌராஷ்டிரப் பெரியவர் ஒருவர், வேறு ஆள் இல்லாததால், அரை மணி நேரம் பாடமே எடுத்தார். சுங்குடி என்று விற்பதில் நிறைய வெறும் பிரிண்ட்தான் என்று அவரே ஒத்துக்கொண்டார். அப்புறம் உள்ளேயிருந்து சாயம் முக்கி இன்னும் முடிச்சு அவிழ்க்காத துணித் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். தொட்டால் பலாப்பழத் தோல் மாதிரி முள் முள்ளாக இருந்தது. இரண்டு பக்கமும் பிடித்து வெடுக்கென்று இழுத்தார், படபடவென்று நூல் அறுந்து, முடிச்சு இருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. எந்தப் புள்ளியும் முழு வட்டம் இல்லை, துணியும் அங்கங்கே லேசாகச் சுருங்கி நின்றது. "பிரிண்ட்னா எல்லாப் புள்ளியும் ஒரே அச்சா இருக்கும், திருப்பிப் பாத்தா வெளிறித் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். கைமுடிச்சுப் புடவை ஒன்று, தோழிகளுக்குப் பிரிண்ட் நாலு வாங்கினேன். தோழிகள் இதைப் படிக்காமல் இருக்க வேண்டும்.

பணம் கொடுக்கும் இடத்தில்தான் திண்டாட்டம். ரீசார்ஜ் பண்ணாமல் விட்டதில் என் பழைய இந்திய சிம் எப்போதோ செத்துவிட்டது. சிம் இல்லையென்றால் ஓடிபி வராது, ஓடிபி வராவிட்டால் யுபிஐ கிடையாது. வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய வங்கியில் வைத்திருக்கும் என்ஆர்இ கணக்கோடு சிங்கப்பூர் எண்ணையே இணைத்து யுபிஐ வைத்துக்கொள்ளலாம் என்று 2023லேயே அனுமதி வந்துவிட்டது, அதை நம்பித்தான் போனேன். என் வங்கியின் கிளையில் கேட்டால், "ரூல் இருக்கு மேடம், நம்ம ஆப்ல இன்னும் வரல" என்றார்கள். அதைச் சொல்ல ஒன்றேகால் மணி நேரம். கடைசியில் ஆதாருக்கு விரல் வைத்துப் புது சிம் வாங்கி, வங்கியில் எண்ணை மாற்றி எழுதிக் கொடுத்து, அது வேலைக்கு வர ஐந்து நாள் ஆனது. அதுவரை கையில் ஐந்நூறு ரூபாய்த் தாள்களோடு சில்லறைப் பிச்சை எடுத்தேன். பூக்கார அக்காகூட அட்டையை நீட்டி "ஸ்கேன் பண்ணுங்க" என்கிறார். போகிறவர்கள் இந்த வேலையைக் கிளம்புவதற்கு முன்னாலேயே முடித்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் இறங்கிய அன்றே நூறு ரூபாய்க் கட்டு ஒன்று தேற்றிக்கொள்ளுங்கள்.

பூ என்றதும் இன்னொன்று. டிசம்பரில் மல்லி வாங்கப் போய் விலை கேட்டு மயங்காதீர்கள், பனியில் பூ வரத்து குறைந்துவிடும். அக்கா முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அளந்தபோது, விரலைக் கொஞ்சம் மடக்கிக்கொண்ட மாதிரி எனக்குப் பட்டது. கேட்கவில்லை. வாசனை அப்படி.

மூன்று மணிக்கு விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. பாலைச் சுண்டக் காய்ச்சி, பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். நின்றபடியே குடித்துவிட்டு கிளாஸை வைத்துவிட்டு நகர வேண்டும், பின்னால் ஆள் நிற்கிறார்கள். அங்கிருந்து நடை தூரத்தில் பத்துத்தூணும் நாயக்கர் மகாலும். மகாலில் ஒரு தூணைக் கட்டிப்பிடிக்க முயன்று மகன் தோற்றான்.

அஞ்சு மணிக்கு மறுபடி கோயில், இந்தத் தடவை ஒழுங்காக. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகுதான் உள்ளே இருந்த கடைகளும் போயின, செல்போனும் தடையானது. இரண்டு மணி நேரம் பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்து யாரும் யாரையும் போட்டோ எடுக்காததைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சித்திரை வீதிகளில் வண்டி விடுவதில்லை, கல் பாவி வைத்திருக்கிறார்கள், பெரியவர்களைக் கூட்டிப்போனால் அந்த ஒன்றுக்காகவே கும்பிடலாம். ஒரு வீதி தள்ளி ஆவணி மூல வீதிக்கு வந்தால் பைக்குகள் நம் குதிகாலைத் தொட்டுக்கொண்டுதான் போகும்.

கோயிலுக்கு எதிரே இருக்கும் புது மண்டபம்தான் ஏமாற்றம். சின்ன வயதில் அங்கே சிலைகளின் காலடியில் தையல்காரர்கள் வரிசையாக மெஷின் போட்டிருப்பார்கள், யாளிக்குப் பக்கத்தில் நின்று பாவாடைக்கு அளவு கொடுத்திருக்கிறேன். கடைகளையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சிலைகளுக்கு நல்லது, சரிதான், எனக்குத்தான் வெறிச்சென்று இருந்தது. ஆனால் சத்திரத்தில் இருந்த தையல்காரர் என் இரண்டு ரவிக்கையை முக்கால் மணி நேரத்தில் பிரித்துத் தைத்துக் கொடுத்தார். சிங்கப்பூரில் இதற்கு ஒரு வாரம் காத்திருப்பேன், கூலியை நினைத்தால் அழுகை வரும்.

எட்டு மணிக்கு மேல் சிம்மக்கல் கோனார் கடையில் கறி தோசை. தோசை, அதன் மேல் முட்டை, அதன் மேல் கறி, ஒரு ஆளால் ஒன்றுதான் முடியும். போக ஆட்டோவுக்கு முதலில் இருநூறு கேட்டார்கள், நடந்தே போய்விட்டோம். திரும்பும்போது தெருமுனை வண்டியில் பருத்திப்பால், கருப்பட்டியும் சுக்கும் போட்டு, ஆவி பறக்க. "காட்டன்ல பாலா?" என்று மகன் கடைசிவரை நம்பவில்லை, ஆனால் இரண்டு டம்ளர்.

கிளம்பிய அன்று ரயில் நிலையத்துக்கு எதிரே பிரேமா விலாஸில் அல்வா இரண்டு கிலோ. கொஞ்சம் அங்கேயே சூடாக வாங்கிச் சாப்பிட்டதில் சட்டைக் கையெல்லாம் நெய். புது சிம்மைச் சித்தி மகனிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறேன், மாசா மாசம் ரீசார்ஜ் பண்ணுவதாகச் சொல்லியிருக்கிறான். போன மாதம் கேட்டேன், மறந்துவிட்டானாம்.