ஒற்றைத் தலைவலிக்கு டோபிரமேட்டா, ஃப்ளூனரிசினா? கண்ணில் மின்னலும் உதட்டில் மரப்பும் வருகிறவள் போட்ட கணக்கு

பத்தாம் வகுப்பு அறிவியல் கைடு ஒன்றின் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'ஒளிச்சேர்க்கை' என்ற சொல்லின் நடுவில் 'ச்சேர்' இல்லை. சிவப்புப் பேனாவால் சுழித்து ஓரத்தில் திருத்தமும் எழுதிவிட்டேன். அடுத்த வரியிலும் ஒரு சொல்லுக்கு வயிற்றுப் பகுதியைக் காணோம். அதற்கடுத்த வரியிலும் அப்படியே. எங்கள் டிடிபி அண்ணன் எவ்வளவு தூக்கத்தில் அடித்தாலும் இத்தனை பிழை விடமாட்டார். கண்ணைக் கசக்கிவிட்டுச் சுவரைப் பார்த்தேன். சுவர்க் கடிகாரத்திலும் நடுப்பகுதி இல்லை.

கொஞ்ச நேரத்தில் அந்த ஓட்டையைச் சுற்றி ஒரு பல்பல்லான வளைவு கிளம்பியது. டியூப்லைட் பற்றிக்கொள்வதற்கு முன் துடிக்குமே, அந்தத் துடிப்பு. கண்ணை மூடினாலும் தெரிந்தது. அது விரிந்து பார்வையின் ஓரத்துக்குப் போய் மறைகிற நேரத்தில் இடது கை விரல்கள் மரத்துப்போயின. பிறகு இடது உதடு, நாக்கின் இடது பாதி. பல் பிடுங்க ஊசி போட்டால் உதடு தடித்த மாதிரி இருக்குமல்லவா, அப்படி. எழுந்தால் தரை ராட்டினத்திலிருந்து இறங்கியவள் காலடியில் நகர்வதுபோல் நகர்ந்தது. தலைவலி கடைசியாகத்தான் வந்தது, அதுவும் பெரிதாக இல்லை. அதனாலேயே இது ஒற்றைத் தலைவலி என்று யாருக்கும் தோன்றவில்லை. 'பக்கவாதம்' என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், சுத்தமாக இருந்தது. நியூரோ டாக்டர் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வைத்துவிட்டார். அவர் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்வி: "எவ்வளவு நேரத்துல பரவுச்சும்மா?" விரலில் தொடங்கி உதட்டுக்கு வர ஏறக்குறைய பதினைந்து நிமிடம் என்றதும் அவர் முகம் இளகியது. இதற்கு ஆரா என்று பெயர். மூளையின் மேற்பரப்பில் ஒரு மின் அலை நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் அளவில் ஊர்ந்து போகிறது. அலை கடந்த இடம் சிறிது நேரம் அடங்கிப்போகிறது. 1944இல் பிரேசில்காரரான லியாவோ முயல் மூளையில் இந்த அலையைப் பார்த்து எழுதினார். அதற்கு மூன்று வருடம் முன்பே லாஷ்லி என்ற உளவியலாளர், தன் கண்ணில் தெரிந்த வளைவைத் தாளில் வரைந்து நேரம் போட்டு, அதே வேகத்தைக் கணக்கிட்டிருந்தார். அலை பார்வைப் பகுதியில் தொடங்கி உணர்வுப் பகுதிக்கு வரும்போது கையும் வாயும் மரக்கின்றன. மூளையில் இவ்விரண்டுக்கும் ஒதுக்கிய இடம் பெரிது, பக்கத்துப் பக்கத்திலும் இருக்கிறது. விரலிலிருந்து உதட்டுக்குத் தாவியதுபோல் எனக்குத் தோன்றியது அதனால்தான்.

பக்கவாதம் ஊர்ந்து வராது, பெரும்பாலும் ஒரே அடியாக வரும். வாய் கோணினாலோ, கை தூக்க முடியாமல் விழுந்தாலோ, பேச்சு திடீரெனக் குழறினாலோ, முதல்முறையாக இப்படி எது வந்தாலும் 108தான். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. ஆரா உள்ள பெண்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை பக்கவாத ஆபத்தைக் கூட்டும் என்பதால் வேண்டாம் என்பார்கள். எனக்கு அதை முதலில் சொன்னவர் டாக்டர் அல்ல, மெடிக்கலில் இருந்த பெண்.

மாதத்துக்கு ஆறு முறை வந்ததால் தினசரித் தடுப்பு மாத்திரை தேவைப்பட்டது. வலி வரும்போது மட்டும் போடும் மாத்திரையே போதாதா என்றால், சாதாரண வலி மாத்திரை மாதம் 15 நாளும் ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள டிரிப்டான் வகை 10 நாளும் தொட்டுவிட்டால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். அதோடு, ஆராவை வந்த பிறகு நிறுத்த எந்த மாத்திரையும் பயன்பட்டதில்லை, எனக்கு. டாக்டர் மூன்று பெயர் சொன்னார்: ப்ரோப்ரனலால், டோபிரமேட், ஃப்ளூனரிசின். முதலில் டோபிரமேட்டை மூன்று மாதமும், பிறகு ஃப்ளூனரிசினை ஆறு மாதமும் சாப்பிட்டேன். என் ஓட்டு ஃப்ளூனரிசினுக்கு. காரணம் ஒன்றுதான், அதற்கு வருகிறேன்.

ப்ரோப்ரனலாலைப் பற்றி என்னிடம் சொந்த அனுபவம் இல்லை. சின்ன வயதில் வீசிங் இருந்தவளுக்கு அது கூடாது, மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். அக்கா சாப்பிடுகிறாள். அவளுக்கு பி.பி.யும் இருப்பதால் ஒரே மாத்திரையில் இரண்டு வேலை முடிகிறது. நெஞ்சுவலிக்காக இதைச் சாப்பிட்டவருக்கு ஒற்றைத் தலைவலியும் நின்றதை 1966இல் கவனித்துத்தான் இந்தப் பயன்பாடே தொடங்கியது. கை சில்லிடுகிறது, மாடிப்படி ஏறினால் கால் கனக்கிறது, கனவு சினிமா மாதிரி வருகிறது என்பாள். திடீரென்று நிறுத்தக் கூடாது. அக்கா ஒருத்தியை வைத்து இதற்கு மேல் சொல்வது நியாயமில்லை. ஒன்று மட்டும் கவனித்தேன். குனிந்து நிமிரும்போது அவளுக்கு ஒரு கிறுகிறுப்பு வரும். அது பி.பி. இறங்கியதாலா, ஒற்றைத் தலைவலியின் தலைசுற்றலா என்று அவளுக்குத் தெரியாது.

டோபிரமேட்டைப் பற்றி அநியாயமாக எழுத எனக்கு மனமில்லை. இந்த மூன்று மருந்தில் பரிசோதனை மதிப்பெண் பளிச்சென்று இருப்பது இதற்குத்தான். 2004இல் வெளியான பெரிய ஆய்வுகளில் தினம் 100 மி.கி. சாப்பிட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தாக்குதல் பாதிக்கு மேல் குறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் கால்வாசிப் பேருக்குத்தான். எனக்கும் வேலை செய்தது. 25 மி.கி.யில் தொடங்கி வாரம் 25 கூட்டி 100க்கு வந்த பிறகு, மாதம் ஆறாக இருந்தது இரண்டானது. மூன்று கிலோவும் குறைந்தேன், அண்ணிக்குப் பொறாமை. சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். முதலில் கடைக்காரரோடு சண்டைக்குப் போனேன், பிறகுதான் தெரிந்தது சோடா நாக்கில் சுருக்கென்று ஏறும் உணர்வை மாத்திரை அணைத்துவிடுகிறது என்று. சிறுநீரகக் கல் வராமலிருக்க நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைப் பற்றித்தான். பிளவுபட்ட உதட்டோடு குழந்தை பிறக்கும் ஆபத்து கூடும்.

சொல் மறதி வேறு. சமையலறையில் நின்றுகொண்டு "அந்த மாவு சலிக்கிறது எங்க?" என்று கேட்டேன். சல்லடை என்ற சொல் வரவில்லை. சொல்லை வைத்துப் பிழைக்கிறவளுக்கு இது சிரிப்பாக இல்லை. ஆனாலும் இதற்காக மட்டும் நான் அதை விட்டிருக்கமாட்டேன்.

விட்டதற்குக் காரணம் மரப்பு. டோபிரமேட் சாப்பிடுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விரல் நுனி, கால் விரல், வாயைச் சுற்றி ஊசி குத்துகிற மாதிரி இருக்கும். பெரும்பாலும் ஆபத்தில்லை. தலையில் வலி மட்டும் வருகிற ஆளுக்கு அது ஒரு தொல்லை, அவ்வளவே. ஆனால் என் நோயின் அடையாளமே விரலும் உதடும்தான்! ஐந்தாம் வாரம் ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு உதடு விறுவிறுத்து விழித்தேன். கண்ணில் மின்னல் இல்லை. முதலில் விரலா முதலில் உதடா என்று நினைவில்லை. தூங்கும்போது தொடங்கியதா என்றும் தெரியாது. ஆராவா, மாத்திரையா, அல்லது பக்கவாதமேதானா? அண்ணன் காரை எடுத்தான். எமர்ஜென்சியில் சி.டி. ஸ்கேன் எடுத்து, நாலாயிரம் சொச்சம் பில் போட்டு, "நார்மல்மா, போய்த் தூங்குங்க" என்றார்கள். அங்கே யார் மேலும் குறையில்லை. அவர்கள் எடுத்திருக்காவிட்டால்தான் தப்பு.

அதற்குப் பிறகு வித்தியாசம் பார்க்கக் கற்றுக்கொண்டேன். மாத்திரை மரப்பு இரண்டு கையிலும் வரும், இடம் மாறாது, மணிக்கணக்கில் இருக்கும். ஆரா ஒரு பக்கம் மட்டும், நகரும், ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். தாளில் எழுதும்போது இது எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள். இரவு இரண்டு மணிக்கு இவ்வளவு தெளிவாக இருக்காது.

கண் விஷயம் இதைவிட மோசம். அபூர்வமாக, பெரும்பாலும் முதல் மாதத்தில், டோபிரமேட் கண்ணுக்குள் அழுத்தத்தைத் திடீரென ஏற்றிவிடும். பார்வை மங்கும், கண் வலிக்கும். அன்றைக்கே கண் டாக்டரிடம் போகாவிட்டால் பார்வைக்கே ஆபத்து. மாதம் ஆறு முறை பார்வை கலங்கிப் பழகியவள் அன்றைக்கு என்ன செய்வாள்? "வழக்கமானதுதான், அரை மணி நேரத்தில் போய்விடும்" என்று விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பாள். எனக்கு அது வரவில்லை. ஆனால் கண்டிப்பாகப் படுத்திருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

இதுதான் என் ஒரே அளவுகோல். நான் காவல் காக்கிற அறிகுறியை மாத்திரையே போலி செய்யக் கூடாது. தாக்குதல் நாலு குறைந்தாலும், மிச்சமுள்ள இரண்டு எது என்று தெரியாவிட்டால் எனக்கு நிம்மதி கூடவில்லை, குறைந்தது.

ஃப்ளூனரிசினுக்கு மாறிய பிறகு எண்ணிக்கை மூன்றில் நின்றது. டோபிரமேட்டைவிட ஒன்று அதிகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விரலோ உதடோ மரத்தால் அது ஆராதான் என்று தெரிந்தது, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார முடிந்தது. தலைசுற்றல் நன்றாகவே அடங்கியது. ஒற்றைத் தலைவலியோடு சேர்ந்த தலைசுற்றலுக்கு நம் ஊர் டாக்டர்கள் இதை அதிகம் எழுதுவது தற்செயலில்லை. (அமெரிக்காவில் இது விற்பனையிலேயே இல்லை. அங்கே இருக்கும் தோழி நான் சொன்ன பெயரைக் கேட்டு, "அது என்ன நாட்டு மருந்தா?" என்றாள்.) இரவு ஒரு மாத்திரை, 10 மி.கி. உடம்பிலிருந்து பாதி வெளியேறவே இரண்டரை வாரம் பிடிக்கும் என்பதால் ஒரு நாள் மறந்தாலும் குடி முழுகாது. அதே காரணத்தால் வேலை செய்யத் தொடங்கவும் நாளாகும். முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை என்று தூக்கிப் போட இருந்தேன்.

இதற்கும் விலை உண்டு. தூக்கம் அப்பும். காலை பத்து மணி வரை மூளையில் மாவு பூசிய மாதிரி இருக்கும், பிறகு தெளியும். நாலு கிலோ ஏறினேன், குறைத்ததற்கு வட்டியும் முதலுமாக. இவை சில்லறை. பெரியவை இரண்டு. மனச்சோர்வு முன்பு வந்திருக்கிறவர்களுக்கு இது கூடாது. மனதை இழுத்துக்கொண்டு போய்விடும். மூளையில் உடல் அசைவுக்கு உதவும் டோபமைன் என்ற வேதிப்பொருளையும் தடுப்பதால் நடை தளர்ந்து கை நடுங்கும் பார்க்கின்சன் மாதிரியான நிலையும் வரலாம், அதிலும் வயதானவர்களுக்கு. அதனால்தான் ஆறு மாதத்தில் நிறுத்திப் பார்ப்பது வழக்கம். சுற்றுகிறது என்றதும் மெடிக்கலில் கேட்காமலே எடுத்து நீட்டும் ஸ்டெமெட்டிலும் அதே டோபமைனைத்தான் தடுக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் அந்த ஆபத்து கூடும். என் டாக்டர் அட்டையிலேயே அதைச் சிவப்பில் எழுதிக் கொடுத்தார்.

எனக்கு மனம் கனத்ததா? ஐந்தாம் மாதத்தில் இரண்டு வாரம் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தேன். அப்போது அப்பாவுக்கும் உடம்பு சரியில்லை. மாத்திரையா வீடா என்று பிரிக்க என்னால் முடியவில்லை. ஆக, என் அளவுகோலில் ஃப்ளூனரிசினும் நூற்றுக்கு நூறு வாங்கவில்லை. ஆனால் மனக்கனத்தை வீட்டில் உள்ளவர்கள் என்னைவிட முன்னால் கண்டுபிடிப்பார்கள். அண்ணிதான் கண்டுபிடித்தாள். இரவில் வரும் உதட்டு மரப்பை எனக்காக யாரும் கண்டுபிடிக்க முடியாது.

வலி மட்டும் வருகிறவர், எடை கூடக் கூடாதவர், மனச்சோர்வு வந்து போனவர் என்றால் நானே டோபிரமேட்டைத்தான் முதலில் கேட்டுப் பார்க்கச் சொல்வேன். மாதம் ஒருமுறை போடும் புது ஊசிகளும் 2018 முதல் வந்திருக்கின்றன. அதன் விலையைக் கேட்டதோடு நான் எழுந்து வந்துவிட்டேன். டாக்டர் எழுதித் தராமல் இவற்றில் எதையும் வாங்கிப் போட வேண்டாம். என் உடம்பின் கணக்கு உங்கள் உடம்புக்குப் பொருந்தாது.

நான் செய்ததில் யாரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. டெய்லி காலண்டரில் தாக்குதல் வந்த நாளின் தாளை மட்டும் தூக்கிப் போடாமல் வைத்து, அதில் எழுத்துப் போடுவேன். கண்ணுக்கு 'க', விரலுக்கு 'வி', உதட்டுக்கு 'உ', சுற்றலுக்கு 'சு'. எது முன்னால் வந்ததோ அதை முன்னால் எழுதி, பக்கத்தில் நிமிடம். டாக்டர் அறைக்குப் போனால் வாய் திறக்கும் முன் அந்தக் கற்றையைத்தான் வாங்குகிறார்.

ஃப்ளூனரிசினை நிறுத்தி ஏழு வாரம் ஆகிறது. கொஞ்சம் இன்னும் உடம்பில் இருக்கும், அதனால் இப்போதே தீர்ப்பு எழுத வேண்டாம் என்றிருக்கிறார். இந்த ஏழு வாரத்தில் எழுத்துப் போட்ட தாள் நான்கு. கடைசியாக எழுதியது போன வியாழக்கிழமை: 'க, 19 நிமிடம்'. விரலும் வரவில்லை, உதடும் வரவில்லை. அன்று கையில் இருந்த புரூஃபை மட்டும் மறுநாள் இன்னொருமுறை பார்த்தேன், இல்லாத பிழை இரண்டைத் திருத்தியிருந்தேன்.