‘லைஃப்டைம் அக்சஸ்’ என்று டிஎன்டி புத்தகம் விற்கிற ஆளிடம் பணம் போடாதீர்கள்

பெங்களூரில் தமிழில் டேபிள்டாப் ஆர்பிஜி (மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதையாடுகிற விளையாட்டு) ஆடுகிற கூட்டம் சின்னது. அல்சூர், காக்ஸ் டவுன், எஜிபுரா, ஒயிட்ஃபீல்டு என்று சிதறிக் கிடந்தாலும் முக்கால்வாசிப் பேர் ஒருத்தருக்கொருத்தர் தெரிந்த முகம்தான். அந்தக் கூட்டத்துக்குள் ஒரு ஆள் புகுந்திருக்கிறான். அந்த வகை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் (டிஎன்டி) விதிப் புத்தகங்களை டிஜிட்டலில் அடிமாட்டு விலைக்குத் தருகிறேன் என்று டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றிக்கொண்டிருக்கிறான். எங்கள் மேசையில் ஐந்து பேரிடம் ஆளுக்கு 1,200 ரூபாய் வாங்கிவிட்டுக் கை விரித்துவிட்டான். (மரியாதை கொடுத்து எழுத மனசு வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு நண்பர் வீட்டில் ஆடுகிறோம். நான்தான் டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துகிற ஆள். எங்களோடு ஆடும் காலேஜ் தம்பி ஒருவன் இந்திராநகரில் ஒரு போர்டு கேம் கஃபேயில் இந்த ஆளின் நம்பரை வாங்கி வந்தான். ஆள் சுத்தமான தமிழில் பேசினான். “நான் ஓசூர் பக்கம்தான் அக்கா. மத்தவங்களுக்கு ரெண்டாயிரம் சொல்றேன், நம்ம ஆளுங்கன்னா ஆயிரத்து இருநூறு போதும்” என்றான். நாள் முழுக்கக் கன்னடத்திலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஓட்டிவிட்டு வருகிறவர்களுக்கு இந்த ‘நம்ம ஆளு’ எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்று அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. கன்னடக்காரர் மேசை ஒன்றிலும் இதே ஆள் இதே ‘நம்ம ஆளு’ விலையைக் கன்னடத்தில் சொல்லியிருக்கிறான் என்று பிறகுதான் கேள்விப்பட்டோம்.

அவன் விற்றது திருட்டு பிடிஎஃப் இல்லை. இதுதான் விஷயமே. “பைரசி எல்லாம் நான் தொடமாட்டேன் அக்கா, எல்லாம் ஒரிஜினல்” என்று அவனாகவே ஆரம்பித்தான். டிஎன்டியின் அதிகாரப்பூர்வ தளமான டிஎன்டி பியாண்டில் ஆளாளுக்கு ஒரு கணக்குத் திறக்கச் சொன்னான், ஒரு லிங்க் அனுப்பினான். அதை அமுக்கினால் பிளேயர்ஸ் ஹேண்ட்புக், மான்ஸ்டர் மேனுவல், அதற்கு மேல் ஒரு அலமாரிப் புத்தகம், எல்லாமே உண்மையாகவே திறந்தன. 2024-இல் வந்த புது பிளேயர்ஸ் ஹேண்ட்புக் ஒன்றை மட்டும் அங்கே டிஜிட்டலில் வாங்கினாலே ஏறக்குறைய 30 டாலர், நம் காசில் 2,500 ரூபாய்க்கு மேல். அப்படியிருக்க 1,200-க்கு மொத்தமும், அதுவும் ‘லைஃப்டைம்’. கண்ணெதிரே புத்தகம் திறந்து கிடக்கும்போது யார் சந்தேகப்படுவார்கள்? சில மாதம் நன்றாகவே ஓடியது.

அதன் சூட்சுமம் இதுதான். டிஎன்டி பியாண்டில் மாஸ்டர் டயர் என்று ஒரு மாதச் சந்தா இருக்கிறது, சுமார் 6 டாலர். அதைக் கட்டுகிற ஆள், தான் வாங்கிய புத்தகங்களைத் தன் கேம்பெயினில் (ஒரு தொடர் ஆட்டத்துக்கான குழு) சேர்ந்தவர்களுக்கும் படிக்கக் கொடுக்கலாம். ஐந்து கேம்பெயின் வரை, ஒவ்வொன்றிலும் 12 பேர் வரை. ஒரு மேசையைச் சுற்றி ஆடுகிறவர்கள் ஆளுக்கொரு புத்தகம் வாங்க வேண்டாமே என்பதற்காகச் செய்து வைத்த நல்ல வசதி. இந்த ஆள் ஒரே ஒரு கணக்கில் புத்தகங்களை வாங்கிப் போட்டு, அந்த 60 இடங்களைத் தலைக்கு இவ்வளவு என்று விற்றிருக்கிறான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கணக்கு நிரம்பினால் 72,000 ரூபாய். நாம் கொடுத்த காசுக்கு நம் பெயரில் ஒரு பக்கம்கூடக் கிடையாது. எல்லாம் அவன் கணக்கில். வாடகைக்கு எடுத்த வீட்டைத் தன் வீடு என்று சொல்லி லீஸுக்கு விட்டுவிட்டு ஓடுகிற புரோக்கர்களை இந்த ஊரில் பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான்.

இடம் 60 தான் என்பதால் புது ஆள் வந்தால் பழைய ஆளைத் தூக்க வேண்டும். அவன் செய்ததும் அதுதான் என்பது என் ஊகம், ஏனென்றால் எங்கள் மேசையில் முதலில் பணம் போட்ட இரண்டு பேருக்குத்தான் முதலில் புத்தகம் பூட்டிக்கொண்டது. ஆட்டத்துக்கு நடுவில் ஒருத்தர் மந்திரத்தின் விவரம் பார்க்கப் போனால் பக்கம் திறக்கவில்லை, ‘வாங்கு’ என்று விலை வந்து நின்றது. கேட்டதற்கு “சர்வர் பிராப்ளம் அக்கா, ரெண்டு நாள்ல சரியாயிடும்” என்றான். அடுத்த வாரத்துக்குள் மற்ற மூன்று பேருக்கும் போய்விட்டது. கேரக்டர் ஷீட் எல்லாம் அந்தப் புத்தகங்களில் இருந்த சப்கிளாஸ்களை (பாத்திர வகைகளின் உட்பிரிவுகள்) நம்பிக் கட்டியவை. அன்றைக்குப் பாதி நேரம் பேப்பரில் ஷீட்டைத் திரும்ப எழுதுவதிலேயே போனது.

பிறகு அவன் பேச்சு மாறியது. ‘பிளான் அப்கிரேடு’ ஆகியிருக்கிறதாம், இன்னும் 600 போட்டால் திரும்பத் திறந்துவிடுவானாம். முடியாது என்றோம். அப்படியானால் நஷ்டஈடாக ஒரு ‘மெகா பேக்’ தருகிறேன் என்று ஒரு டிரைவ் லிங்க் அனுப்பினான். பைரசியே தொடாத உத்தமன் அனுப்பிய லட்சணம் இது. உள்ளே பாத்ஃபைண்டர், கால் ஆஃப் கதுலு என்று வேறு ஆர்பிஜிகளின் பிடிஎஃப் நூற்றுக்கணக்கில். திறந்து பார்த்தால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரரின் பெயரும் ஆர்டர் எண்ணும். டிரைவ்த்ரூ ஆர்பிஜி போன்ற இணையக் கடைகள் வாங்கியவர் பெயரையே இப்படிப் பக்கத்தில் பொறித்துத்தான் கொடுக்கும். முன்பின் தெரியாத ஒருத்தர் காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தை எங்களுக்கு நஷ்டஈடாகக் கொடுக்கிறான். டிஎன்டி புத்தகங்கள் மட்டும் தனியாக ஒரு ஜிப் ஃபைலில் இருந்தன, அதற்குப் பாஸ்வேர்டு. பாஸ்வேர்டுக்கு 300 ரூபாய்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்று அங்கேயே நின்றுவிடும். டிஎன்டி ஐந்தாம் பதிப்பின் மூலப் புத்தகங்களுக்கு அதிகாரப்பூர்வ பிடிஎஃப் என்று ஒன்று விற்பனையில் கிடையாது. பிளேயர்ஸ் ஹேண்ட்புக், டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு, மான்ஸ்டர் மேனுவல் மூன்றையும் டிஎன்டியை வெளியிடுகிற விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் டிஎன்டி பியாண்ட், ரோல்20 மாதிரியான தளங்களுக்குள்தான் டிஜிட்டலில் விற்கிறது. 2009-இல் பைரசியைக் காரணம் காட்டி அவர்கள் எல்லா பிடிஎஃபையும் விற்பனையிலிருந்து எடுத்தார்கள். 2013-இல் பழைய பதிப்புகள் மட்டும் பிடிஎஃபாகத் திரும்பி வந்தன. ஆகவே ‘ஒரிஜினல் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் பிடிஎஃப்’ என்று விலைப்பட்டியலில் இருந்தால் அந்தப் பட்டியலை மேற்கொண்டு படிக்கவே வேண்டாம்.

கடைசியாக ரீஃபண்ட் நாடகம். “சரி அக்கா, பணத்தைத் திருப்பிடறேன்” என்று காலேஜ் தம்பிக்கு ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் 1,200 வந்துவிடும் என்றான். எங்கள் மேசையில் பாங்கில் வேலை செய்கிற அக்கா பக்கத்தில் இருந்ததால் தப்பித்தோம், தம்பியின் கையிலிருந்து போனையே பிடுங்கிவிட்டார். யூபிஐயில் பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம். பின் கேட்கிறது என்றால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகிறது என்று அர்த்தம். அந்தக் க்யூஆரில் இருந்த தொகை 12,000.

அன்று இரவே டெலிகிராமில் மொத்த உரையாடலையும் அழித்துவிட்டான். டெலிகிராமில் ஒருத்தர் அழித்தால் எதிராளியின் போனிலிருந்தும் போய்விடும், எவ்வளவு பழைய பேச்சாக இருந்தாலும் சரி. வாட்ஸ்அப்பில் பேசியது மட்டும் எங்களிடம் மிஞ்சியது. அவனிடம் பணம் போட்டவர்கள் யாராவது இருந்தால் சண்டை போடுவதற்கு முன்னால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். யூபிஐ ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்க யூடிஆர் எண் (அந்தப் பரிவர்த்தனையின் அடையாள எண்) இருக்கும், அதையும். பணம் போன கணக்கில் வந்த பெயரையும் பாருங்கள், எங்களுக்கு வந்தது அவன் சொன்ன பெயரே இல்லை.

நாங்கள் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்து, தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகாரைப் பதிவு செய்துவிட்டோம். பாங்குக்கும் தனியாக எழுதியிருக்கிறோம். பணம் போன சூட்டோடு சூடாகச் சொன்னால்தான் அது அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்தி வைக்க முடியும் என்கிறார்கள். எங்களுடையது மாதக்கணக்கில் பழையது, அதனால் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் இவன் தொழிலே ‘ஆயிரத்து இருநூறுதானே, போகட்டும்’ என்று நாம் விடுவதில்தான் ஓடுகிறது. ஐந்து பேரும் தனித்தனியாகப் புகார் கொடுத்ததற்குக் காரணம் அதுதான்.

இவனிடம் போனவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது. நம் பசங்கள் பாதிப் பேரிடம் கிரெடிட் கார்டு இல்லை. டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை பாங்க் ஆப்பில் போய் நாமேதான் திறந்துவிட வேண்டும், அது தெரியாமல் ‘பேமென்ட் ஃபெயில்டு’ பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். ஜிபேயில் பணம் வாங்குகிற எவனும் அப்போது நல்லவனாகத் தெரிவான். எங்கள் மேசையில் இப்போது கார்டு இருக்கிற ஒருத்தர் டிரைவ்த்ரூ ஆர்பிஜியில் கிஃப்ட் சர்ட்டிஃபிகேட் வாங்கிக் கொடுத்துவிடுகிறார், மற்றவர்கள் அவருக்கு யூபிஐயில் போட்டுவிடுகிறார்கள். புத்தகம் அவரவர் பெயரில், அவரவர் கணக்கிலேயே ஏறிவிடுகிறது.

நேர்மையான மலிவு விலைக்கும் பஞ்சமில்லை, கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். டிரைவ்த்ரூவில் மார்ச் தொடக்கத்தில் ஜிஎம்ஸ் டே (ஆட்டம் நடத்துகிறவர்கள் தினம்) தள்ளுபடி வரும், ஜூலையில் ‘கிறிஸ்துமஸ் இன் ஜூலை’ வரும். வேண்டியதை விஷ்லிஸ்டில் போட்டு வைத்தால் விலை குறையும்போது மெயில் வந்துவிடுகிறது. என் கட்சி, ஆர்பிஜி புத்தகங்களைத் தொகுப்பாக விற்கிற பண்டில் ஆஃப் ஹோல்டிங் தளம்தான். 2013-இலிருந்து நடக்கிறது. ஒரு விளையாட்டின் மூலப் புத்தகமும் கூட நாலைந்து புத்தகமும் ஒரு சிறு தொகைக்கு, எல்லாரும் கொடுத்த சராசரியைத் தாண்டிக் கொடுத்தால் போனஸ் தொகுப்பும் சேர்த்து. பூட்டு இல்லாத பிடிஎஃப், ஒரு பங்கு தர்ம காரியத்துக்குப் போகிறது. ஹம்பிள் பண்டிலிலும் ஆர்பிஜி புத்தகங்கள் வரும், ஆனால் அதில் நூறு புத்தகம் வாங்கி மூன்று படிக்கிற வியாதி ஒட்டிக்கொள்ளும், ஜாக்கிரதை. டாலர் விலையோடு கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணம் இரண்டு மூன்று சதவீதம் சேரும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

காசே இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. டிஎன்டியின் அடிப்படை விதிகளான எஸ்ஆர்டி 5.1-ஐ 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் என்கிற திறந்த உரிமத்தில் விட்டார்கள், புது விதிகளுக்கான 5.2 2025-இல் வந்தது. இரண்டும் இலவச பிடிஎஃப், இரண்டும் அதிகாரப்பூர்வம். 12 கிளாஸும் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு சப்கிளாஸ். பிஹோல்டர், மைண்ட் ஃபிளேயர் என்கிற பிரபல மான்ஸ்டர்கள் கிடையாது, அவை இல்லாமலே ஒரு வருஷம் ஓட்டலாம். பாத்ஃபைண்டர் விதிகள் முழுக்க ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ் தளத்தில், அந்த விளையாட்டை வெளியிடுகிற பைசோவின் ஒப்புதலோடு இலவசமாகக் கிடக்கின்றன. பேய்க்கதைப் பிரியர்களுக்குக் கால் ஆஃப் கதுலு குயிக்ஸ்டார்ட் இலவசம். அதை வெளியிடுகிற கேயாசியத்தின் கடையில் பிடிஎஃப் வாங்கினால் அந்த விலையைப் பிறகு அச்சுப் புத்தகத்தில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் இந்தியாவுக்கு வரும் கூரியர் செலவு அந்த லாபத்தை விழுங்கிவிடும். இட்ச் தளத்தில் சின்னச் சின்ன விளையாட்டுகளை எழுதுகிறவர்கள், வசதி இல்லாதவர்களுக்கென்று ‘கம்யூனிட்டி காப்பி’ என்று இலவசப் பிரதிகள் வைத்திருப்பார்கள். கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள்.

அந்த ஆள் இப்போது வேறு பெயரில், வேறு நம்பரில், அதே விலைப்பட்டியல் படத்தோடு திரும்ப வந்திருக்கிறான். விலை 999 ஆகியிருக்கிறது. நண்பர் ஒருவர் “புத்தகம் என் கணக்கில் வருமா, இல்லை உங்கள் கேம்பெயினில் சேர வேண்டுமா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். உடனே பிளாக் செய்துவிட்டான்.