ஏரிக்கரை இருட்டுக்கு எந்த சைக்கிள் லைட்?

மே மாதத்தில் காலை ஏழு மணிக்கே சட்டையைப் பிழியலாம். அதனால் சென்னையில் மண்பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் நாலரைக்கே கிளம்பிவிடுகிறோம். தையூர் ஏரிக்கரை, மணிமங்கலம் பக்கத்து வண்டிப்பாதை, ஈசிஆர் ஓரத்துச் சவுக்குத் தோப்பு என்று எங்கே போனாலும் முதல் ஒரு மணி நேரம் கும்மிருட்டுதான். (காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போகக்கூடாது. அதனால் அந்தப் பாதைகளை இங்கே சேர்க்கவில்லை.)

லைட் வாங்கப் போனால் மூன்று வகை முன்னால் நிற்கும். ஹேண்டில்பாரில் மாட்டும் யூஎஸ்பி சார்ஜ் லைட், பேட்டரி தனிப் பையில் தொங்கும் பெரிய லைட், ஹெல்மெட்டில் மாட்டும் சின்ன டார்ச். மூன்றையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்திருக்கிறேன். ஒரே பெரிய லைட்டில் மொத்தப் பணத்தையும் போடுவதைவிட, ஹேண்டில்பாரில் நடுத்தரமான ஒன்று, ஹெல்மெட்டில் சின்னதாக ஒன்று என்று இரண்டாகப் பிரிப்பதுதான் நம் ஏரிக்கரைக்குச் சரி என்பது என் முடிவு.

ஹெல்மெட் லைட்டில் தலை திரும்பும் பக்கம் வெளிச்சமும் திரும்பும். கரை வளைகிற இடத்தில் ஹேண்டில்பார் லைட் நேரே தண்ணீரைக் காட்டிக்கொண்டிருக்க, இது வளைவுக்கு அந்தப் பக்கத்துப் பாதையைக் காட்டும். முகத்தில் அடிக்க வரும் சீமைக்கருவேல முள்கிளையும் இதில்தான் தெரியும். பஞ்சர் ஒட்டும்போது இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும்.

ஆனால் இதை மட்டும் நம்பி ஓட்டக்கூடாது. வெளிச்சம் கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே புறப்படுவதால், கல்லின் நிழல் கல்லுக்குப் பின்னாலேயே மறைந்துவிடும். மேடும் பள்ளமும் ஒரே தட்டையாகத் தெரியும். ஒரு பிப்ரவரி விடியலில் ஹெல்மெட் லைட்டோடு மட்டும் கரையேறினேன். மழைக்காலத்துச் சேற்றில் டிராக்டர் சக்கரம் பதிந்து, பிறகு காய்ந்து இறுகிய தடம் ஒன்று. ஒரு சாண் ஆழம் இருக்கும். என் கண்ணுக்கு அது வழவழப்பான செம்மண்ணாகத்தான் தெரிந்தது. முன்சக்கரம் அதற்குள் இறங்கித் திரும்ப மறுத்ததும் தோள்பட்டை தரையில் மோதியது. எழுந்து, லைட்டைக் கழற்றி முழங்கால் உயரத்தில் பிடித்துப் பார்த்தேன். தடத்தின் விளிம்பு கறுப்புக் கோடு மாதிரி பளிச்சென்று தெரிந்தது. ஹேண்டில்பார் லைட் செய்கிற வேலை இதுதான். அது கண்ணுக்குக் கீழே இருப்பதால் நிழல் நமக்குத் தெரியும்படி விழும்; ஆழம் புரியும்.

ஹெல்மெட் லைட்டுக்கு இன்னும் இரண்டு தொல்லை. தை மாதப் பனியிலும், முன்னால் போகிறவர் கிளப்பும் புழுதியிலும் கண்ணெதிரே வெள்ளைத் திரை கட்டியது போல ஆகிவிடும். மழை பெய்து விட்ட மாலையில் ஈசல் கிளம்பினால் நேராக மூக்குக்கும் வாய்க்கும்தான் வரும். அப்போது அதை அணைத்துவிட்டு ஹேண்டில்பார் லைட்டில் மட்டும் மெதுவாகப் போவதே நல்லது.

அடுத்து ஹேண்டில்பார் லைட். இதில் பீமின், அதாவது வெளிச்சம் விழும் பரப்பின் வடிவத்தைக் கவனித்து வாங்க வேண்டும். ஜெர்மன் சாலை விதியான எஸ்டிவிஇசட்ஓவுக்கு ஏற்றபடி மேல்பக்கம் வெட்டினாற்போல் முடியும் பீம், எதிரே வருகிறவர் கண்ணைக் கூசாது. ஓஎம்ஆர் தார்ச்சாலையில் போய்ச் சேரும்வரை அருமை. மண்பாதையில் இறங்கியதும், சக்கரம் குதிக்கும்போதெல்லாம் அந்த வெட்டுக்கோடு மேலும் கீழும் ஆடும். கோட்டுக்கு மேலே எல்லாம் இருட்டு. இங்கே அகலமான வட்ட பீம்தான் வேண்டும். தூரத்துக்குப் பாய்வதும் பெரிதாகத் தேவையில்லை. மணிக்கு 15 கிலோமீட்டரில் போனால் நொடிக்கு 4 மீட்டர்தான் ஆகிறது. 20 மீட்டர் நன்றாகத் தெரிந்தால் 5 நொடி அவகாசம் இருக்கிறது. அதே வெளிச்சம் 40 மீட்டரில் விழ நான்கு மடங்கு லைட் வேண்டும்.

பேட்டரி பேக் வகை, முழு இரவும் ஓட்டுகிறவர்களுக்கானது. நான்கு செல் போட்ட பேக் என்றால் இரவு முழுக்கக் கவலை இல்லை. லைட்டின் தலைப்பகுதியும் லேசாக இருக்கும். ஒன்றரை மணி நேரத்தில் விடிந்துவிடும் நம் ஓட்டத்துக்கு அது வீண் சுமை. வெல்க்ரோ பட்டை தளர்ந்து பேக் ஆடும், ஒயர் முள்ளில் மாட்டும். நம் ஊர்ப் புழுக்கமும் இடைஞ்சல். இந்த லைட்டுகள் எதிர்க்காற்றில்தான் ஆறும். மணலில் தள்ளிக்கொண்டு நடக்கும்போது சூடேறி, தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும்.

பெட்டியில் போட்டிருக்கும் லுமென் (லைட் தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு) கணக்கை ஒருமுறை சரிபாருங்கள். இந்த லைட்டுகளில் போடும் லித்தியம் செல்லின் அளவுதான் 18650; அதைவிடப் பெரியது 21700. நல்ல 18650 செல் ஒன்றில் 3500 எம்ஏஎச் (3.5 ஆம்பியர்-மணி) வரை மின்சாரம் இருக்கும். 3.6 வோல்ட்டோடு பெருக்கினால் சுமார் 12.6 வாட்-மணி. ஒரு வாட்டுக்கு 100 லுமென் என்று வைத்தால் 1000 லுமெனில் ஒன்றேகால் மணி நேரம்தான். 5000 எம்ஏஎச் உள்ள 21700 செல் என்றால் ஒன்றேமுக்கால் மணி வரும். ஒரே செல்லில் 6000 லுமென், மூன்று மணி நேரம் என்று எழுதியிருந்தால் அதைத் திருப்பி வைத்துவிடுங்கள். 18650 செல்லில் 9900 எம்ஏஎச் என்று அச்சடித்து விற்பதும் அப்படித்தான். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் வாங்குவதானால் செல்லைக் கையில் வாங்கி இதைப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

நிறத்தையும் விட்டுவிடாதீர்கள். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள். 6500 கெல்வின் நீலவெள்ளையில் செம்மண் சாம்பல் பூத்துத் தெரியும். 4000 முதல் 4500 வரை உள்ள இளமஞ்சள் வெள்ளையில் வேர் வேராக, கல் கல்லாகப் பிரிந்து தெரியும். கண்ணாடி விரியன் படுத்திருக்கக்கூடிய பாதையில் இந்த வித்தியாசம் எனக்கு 500 லுமெனைவிடப் பெரிது. மழைக்கு, தெறிக்கும் நீரை மட்டும் தாங்கும் ஐபிஎக்ஸ்4 போதும் என்பார்கள். நவம்பரில் ஓட்டுவதானால், வேகமாகப் பாய்ச்சும் நீரையும் தாங்கும் ஐபிஎக்ஸ்6 பாருங்கள். யூஎஸ்பி மூடியை அழுத்தி மூடுங்கள்.

இப்போது என் சைக்கிளில் 21700 செல் போட்ட 800 லுமென் வட்ட பீம் லைட் ஹேண்டில்பாரில் இருக்கிறது. அது எட்டு மீட்டர் முன்னால் தரையைப் பார்த்திருக்கும். ஹெல்மெட்டில் 300 லுமென் டார்ச், கொஞ்சம் தூரம் தள்ளி. அந்த நேரத்தில் கரையில் பால்காரரின் டிவிஎஸ் 50 வரும், வலை எடுக்கப் போகிறவர்கள் வருவார்கள், ஒதுங்க வந்தவர்களும் இருப்பார்கள். யாராவது தெரிந்தால் ஹெல்மெட் டார்ச்சை உடனே அணைத்து, ஹேண்டில்பார் லைட்டைக் கடைசிப் படிக்குக் குறைத்துவிடுவேன். கையுறை போட்ட விரலால் தடவியே அழுத்தக்கூடிய பெரிய சுவிட்ச் இருக்கிற லைட்டை நான் தேடி வாங்கியது அதற்காகத்தான்.