ஏழு கோடை, ஒரு தினசரிக் காலண்டர்: டெல்டா கடற்கரையோரம் குடும்பத்தோடு காரில்

எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர் மளிகைக் கடையில் ஓசியில் கொடுத்தது. ஏழு கோடையில் முதல் கோடையைத் தவிர மற்றவற்றுக்கெல்லாம் எங்கள் கடற்கரைப் பயணத்துக்குத் தேதி குறித்தது அதுதான். கைப்பேசியில் மேப்பும் இருக்கிறது, பார்க்காமல் இல்லை. ஆனால் நெரிசல் வந்த பிறகுதான் மேப்பில் கோடு சிவக்கும். காலண்டர் மூன்று மாதம் முன்னாலேயே சொல்லிவிடும்.

ஊர் கும்பகோணம். அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், நான். 2016-இல் ஆரம்பித்தோம், 2020, 2021 இரண்டு வருடமும் கொரோனாவில் வீட்டோடு இருந்தோம். மற்ற ஆண்டுகளில் 2024 வரை ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ ஒரு தடவை. வழி பெரும்பாலும் ஒன்றுதான்: மயிலாடுதுறை, தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம், கோடியக்கரை, முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, வீடு. மூன்று நாள், இரண்டு ராத்திரி.

முதல் வருடம் எல்லாரையும் போலச் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். திருநள்ளாறு வழியாகக் காரைக்கால் போய்விடலாம் என்று நினைப்பு. சனிக்கிழமை, திருநள்ளாறு! இந்த இரண்டு வார்த்தையையும் சேர்த்துப் படித்திருந்தால் போதும், புத்தி வந்திருக்கும். நளதீர்த்தத்தில் குளித்துவிட்டு வந்த கூட்டம், வேன், டூரிஸ்ட் பஸ், எள் தீபம் விற்பவர்கள் என்று ரோடு முழுக்க ஆள். மறுநாள் ஞாயிறு, நாங்கள் போய் நின்ற இடம் வேளாங்கண்ணி. அன்றைக்கு அம்மா பின் சீட்டிலிருந்து சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்கே விதை: "சனிக்கிழமை சனீஸ்வரன் ஊரு, ஞாயித்துக்கிழமை மாதா கோயிலு. கிழமை பாக்காம யாராச்சும் கிளம்புவானாடா?"

அடுத்த வருடத்திலிருந்து கிழமை பார்த்தே கிளம்புகிறோம். டெல்டாவில் கிழமைக்கு ஒரு கிரகம் உண்டு, கிரகத்துக்கு ஒரு ஊர் உண்டு. செவ்வாய் என்றால் வைத்தீஸ்வரன்கோயில், புதன் என்றால் திருவெண்காடு, வியாழன் ஆலங்குடி, வெள்ளி கஞ்சனூர். ஞாயிறு மாலை நாலரை முதல் ஆறு வரை ராகு காலம், அப்போது எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் திருநாகேசுவரத்தில் பாலபிஷேகம் பார்க்க வரும் கூட்டம் கும்பகோணம் வரை முட்டும். பூம்புகாரையும் சேர்த்துக்கொள்ள நினைத்தால் புதனையும் சித்ரா பௌர்ணமியையும் விட்டுவிடுங்கள். அமாவாசை என்றால் கடலில் தர்ப்பணம் செய்யப் பூம்புகாருக்கும் வேதாரண்யத்துக்கும் ஆட்கள் விடியலிலேயே வந்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை முதல் இரண்டு மணி வரை நாகூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் கடைத்தெருக்களில் வண்டியை நுழைக்காமல் இருப்பது எல்லாருக்கும் நல்லது.

இதெல்லாவற்றையும் விடப் பெரிய எதிரி முகூர்த்த நாள். வைகாசியில் வளர்பிறை முகூர்த்தம் என்று தாளில் போட்டிருந்தால், மெயின் ரோட்டுக் கல்யாண மண்டபங்களின் முன்னால் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை இரண்டு பக்கமும் கார் நிற்கும். முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மாப்பிள்ளை அழைப்பு, வெடி, செண்டை மேளம். அதனால் நாங்கள் எடுப்பது தேய்பிறையில் முகூர்த்தம் இல்லாத ஒரு திங்கள். புதன் இரவு திரும்பிவிடுவோம். குருப்பெயர்ச்சி சில வருடம் இதே சமயத்தில் வந்து தொலைக்கும். 2024-இல் மே 1-ஆம் தேதி, அதுவும் புதன்கிழமையாகவே வந்தது. அந்த வாரத்தை அப்படியே அடித்துவிட்டோம்.

திங்கள் விடிகாலை நாலே காலுக்கு வண்டி எடுத்தால் ஆடுதுறை, குத்தாலம் எல்லாம் தூக்கத்தில் கடந்துவிடும். தரங்கம்பாடியில் சூரியன் எழும்போது கடல் ஓரம் நிற்கலாம். டென்மார்க்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய டேனிஷ் கோட்டை ஒரு பக்கம், கடல் தின்றது போக மிச்சமிருக்கும் மாசிலாமணிநாதர் கோயில் இன்னொரு பக்கம். அந்தக் கோயில் 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. அலை கோயிலை நெருங்காமல் இருக்கக் கொட்டிய பாறைகளில்தான் என் பெண் வருடா வருடம் உட்கார்ந்து, தூக்கில் கொண்டுபோன மிளகாய்ப்பொடி இட்லியைச் சாப்பிடுவாள். இந்த ஒரு மணி நேரத்துக்காகவே மூன்று நாள் பயணம் போகலாம் என்பது என் கட்சி. மனைவிக்கு அதில் சம்மதம் இல்லை, அவளுக்குக் கோடியக்கரை.

காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது, அங்கே பெட்ரோல் விலை குறைவு, டேங்கை நிரப்பிக்கொள்ளலாம். விலை குறைவான இன்னொரு சரக்குக்காகவும் ஆட்கள் வருவதால் நண்டலாற்றிலும் வாஞ்சூரிலும் சோதனைச் சாவடி உண்டு. ஒரு தடவை எங்கள் டிக்கியைத் திறந்து பார்த்த காவலர், அம்மாவின் புளிசாத வாளியைப் பார்த்துவிட்டு "போங்கம்மா" என்றார். விடுமுறை நாள் சாயங்காலத்தில் மட்டும் இந்த எல்லைப் பக்கம் குடும்பத்தோடு ஓட்டாதீர்கள். எதிரே வரும் பைக்குகள் நேராக வருவதில்லை.

காலண்டருக்குத் தெரியாத விஷயங்களும் இருக்கின்றன, அதையும் சொல்ல வேண்டும். ஒன்று ரயில்வே கேட். காரைக்கால் துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிக்கொண்டு கூட்ஸ் வண்டி நாகூர், நாகப்பட்டினம் வழியாகப் போகும். அது எப்போது வரும் என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. கேட் மூடினால் இன்ஜினை அணைத்துவிட்டு நுங்கு வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இன்னொன்று உளுந்து. 2018 ஏப்ரல் கடைசியில், திரும்பி வரும்போது மேப் "பன்னிரண்டு நிமிடம் மிச்சம்" என்று ஒரு கிராமத்து ரோட்டைக் காட்டியது. ஆசைப்பட்டுத் திருப்பினேன். சம்பா அறுத்த வயலில் தெளித்த உளுந்தைப் பிடுங்கி, போரடிக்க ரோட்டின் மேலேயே பரப்பியிருந்தார்கள். அரை கிலோமீட்டர், முழங்கால் உயரம். நான் தயங்கி நின்றதும் ஓரத்தில் இருந்த அந்த ஊர் அம்மா ஒருவர், "ஏத்துங்க தம்பி, ஒங்களுக்காகத்தானே போட்டிருக்கு" என்று கை காட்டினார். ஏற்றினேன். நெற்று உடையும் சத்தம் கேட்கக் கேட்கப் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். அதைத் தாண்டி மூன்று கிலோமீட்டரில் தீய்ந்த வாடை வந்தது. இறங்கிக் குனிந்து பார்த்தால் காய்ந்த கொடி முன் சக்கர அச்சில் கயிறு மாதிரி இறுக்கிச் சுற்றியிருக்கிறது. சைலன்சர் பக்கம் ஒரு கொத்து கருகிப் புகைகிறது. தண்ணீர் பாட்டிலை ஊற்றி அணைத்து, அரிவாள்மனையை ஒரு வீட்டில் இரவல் வாங்கி அறுத்து எடுக்க முக்கால் மணி நேரம். மிச்சமான பன்னிரண்டு நிமிடத்துக்கு இதுதான் கணக்கு. பங்குனி, சித்திரையில் கிராமத்துக் குறுக்கு வழி வேண்டாம். மே பாதிக்கு மேல் என்றால் பரவாயில்லை.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கடற்கரைக்குப் போனால் மீன் என்று கனவோடு வருபவர்களுக்கு: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாகை துறைமுகத்தில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். நாட்டுப் படகுக்காரர்கள் கரையோரம் பிடித்து வருவது கொஞ்சம்தான், விலையும் ஏறும். ஓட்டலில் தட்டுக்கு வருவது மேற்குக் கரையிலிருந்து ஐஸில் வந்ததாகவும் இருக்கலாம். ஒரு ஓட்டலில் வஞ்சிரம் என்று சொல்லி எதையோ வைத்தார்கள், என் மனைவி முள்ளைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். சாயங்காலம் நாகூரில் சூடாகப் போடும் 'வாடா' என்ற பலகாரத்தோடு திருப்திப்பட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். தடைக்காலத்தில் நல்லதும் ஒன்று உண்டு: ராத்திரியில் தண்ணீர் ஒழுகவிட்டுப் பறக்கும் மீன் லாரிகள் குறைவு.

அதற்குப் பதில் உப்பு லாரி. வேதாரண்யம், அகத்தியன்பள்ளி, கோடியக்காடு உப்பளங்களுக்குக் கோடைதான் அறுவடை. வெயில் ஏற ஏற லாரியும் ஏறும். ஆகவே செவ்வாய் விடியலில் வேளாங்கண்ணியை விட்டு, செருதூர், வேட்டைக்காரனிருப்பு தாண்டி எட்டு மணிக்குள் உப்பளத்தைக் கடந்துவிட வேண்டும். இந்த உப்புக்காகத்தான் 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்தே வந்தார் என்று நான் ஆரம்பித்தால் பையன், "தெரியும்பா, ஏப்ரல் முப்பது" என்று முடித்துவிடுகிறான். ஏழு வருடப் பலன். 2023 ஏப்ரலில் திருத்துறைப்பூண்டி–அகத்தியன்பள்ளி ரயில் மறுபடி ஓட ஆரம்பித்ததால் இந்தப் பக்கமும் கேட் வந்துவிட்டது.

கோடியக்கரையில் கோடையில் பூநாரை கிடையாது, அது மழைக்காலத்துக்குப் பிந்தைய விருந்தாளி. வெளிமான் உண்டு. காலை வெயிலில் கரும்பழுப்பு முதுகோடு முறுக்குக் கொம்புக் கிடா ஒன்று நின்று நம்மையே பார்க்கும். பத்து மணிக்கு மேல் எல்லாம் நிழலுக்குள். நாமும்தான், கத்திரியில் பதினொன்றிலிருந்து நாலு வரை நான் வண்டி ஓட்டுவதில்லை.

2019-இல் மட்டும் நிழலே இல்லை. அதற்கு முந்தைய நவம்பர் 16 விடியலில் கஜா புயல் இந்தக் கரையைத்தான் கடந்தது. தென்னையும் மாவும் வேரோடு சாய்ந்து வெட்டவெளியாக இருந்தது. வழக்கமாக வேதாரண்யம் ரோட்டில் மாம்பழம் வாங்கும் ஆச்சியின் கீற்றுப் பந்தல் அங்கே இல்லை. 2022-இல் அதே இடத்தில் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்திருந்தார். பழம் சொந்த மரத்தது இல்லை, வாங்கி வந்தது என்று அவரே சொல்லிவிட்டார்.

அடுத்த கோடைக்கு அம்மா காலண்டரைப் புரட்டி இரண்டு திங்கட்கிழமைகளைப் பென்சிலால் சுழித்து வைத்திருக்கிறார். இரண்டு நாளிலும் எனக்கு லீவு இல்லை.