உதவித்தொகை நிதி: ஒரு நாள் விருந்தா, மாதச் சந்தாவா?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரில், தனியார் விடுதிப்பள்ளியில் இடம் கிடைத்தும் கட்டணம் கட்ட வழியில்லாத பிள்ளைகளுக்கு நிதி திரட்ட முனைவோர் முன் இரண்டு வழிகள் உள்ளன.

விருந்து நடத்தினால் ஒரே இரவில் பெருந்தொகை சேரும். பத்துப் பேர் அமரும் மேசைகளை வணிகர்கள் முழுதாக எடுத்துக்கொள்வார்கள். மண்டப வாடகையும் சாப்பாட்டுச் செலவும் போக மிஞ்சுவதே மாணவருக்கு. அதைவிடக் கவலைக்குரியது, முதலாம் படிவத்தில் (இடைநிலைப் பள்ளியின் முதல் ஆண்டில்) சேரும் பிள்ளைக்கு ஐந்தாம் படிவம் வரை கட்டணம் தேவைப்படுவதால், இடையில் ஓராண்டு விருந்து நின்றுபோனாலும் அப்பிள்ளை தகரப்பெட்டியோடு வீடு திரும்ப நேரிடும் என்பதே.

சந்தாவில் 100 குடும்பங்கள் மாதம் 10 ரிங்கிட் கொடுத்தால் ஆண்டுக்கு 12,000 ரிங்கிட் உறுதியாக நிற்கும். இந்த ஊருக்கு இது புதிதன்று, இவ்வூரில் பிறந்த அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளர் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில்தான் தோட்டங்களை வாங்கியது. ஆனால் சம்பள நாளன்று மாலை ரசீதுப் புத்தகத்துடன் வீட்டுப் படியேற ஒருவர் வேண்டும். அவர் சோர்ந்தால் வசூலும் சோரும்.

ஆயினும் நான் சந்தாவையே பரிந்துரைப்பேன். வணிகர்களின் பெரிய நன்கொடைகளுக்கு, 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் ஒப்புதல் பெற்ற நிதியாக இருந்தால் வரிவிலக்கு ரசீதும் தரலாம்.